எண்ணூர் சாலையில் வாடைக்காற்று: சைக்கிள் குழுவினரின் கேள்விகளுக்குப் பதில்

ஐப்பசி பிறந்தாலே ஞாயிற்றுக்கிழமை ரைடு பற்றிக் கேள்விமேல் கேள்வி வரும். வடசென்னையில் திருவொற்றியூர் தேரடியில் கூடி, எர்ணாவூர், கத்திவாக்கம் வழியாக எண்ணூர் முகத்துவாரம் வரை போய்த் திரும்புவது நம் வழக்கமான ரைடு. காற்றும் ஈரமுமான நாள்களைப் பற்றி இந்த வாரம் கேட்டவர்களுக்கு என் பதில்கள்.

அண்ணா, எந்த நிலையில் ரைடை ரத்து செய்வீர்கள்?

தூறலுக்கு ரத்து கிடையாது. இடி கேட்டால் உடனே ரத்து. துறைமுகத்தில் 3-ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினாலும் ரத்துதான். இது போக எனக்கு ஒரு கணக்கு உண்டு: மீனவர்களைக் கடலுக்குப் போக வேண்டாம் என்று சொன்ன நாளில், நாமும் கடலோரச் சாலைக்குப் போவதில்லை.

போகும்போது மூச்சு வாங்குகிறது, வரும்போது பறக்கிறேன். ஆனால் வரும்போதுதான் விழுந்தேன். ஏன்?

நல்ல கேள்வி தம்பி. பலரும் எதிர்க்காற்றைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்கள். எனக்குத் திரும்பும் வழிதான் பயம்.

இந்தப் பருவத்தில் காற்று வடகிழக்கிலிருந்து வரும். முகத்துவாரத்தை நோக்கிப் போகும்போது கடல் நமக்கு வலது பக்கம். காற்று முன்னாலும் வலப்புறமும் அடித்து நம்மைச் சாலை ஓரத்துக்குத் தள்ளும். கஷ்டம்தான், ஆனால் வேகம் இல்லை. 20 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவருக்கு எதிரே 20 கிலோமீட்டர் வேகக் காற்று வந்தால், உடம்பு 40-ஐச் சந்திக்கிறது. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்கு. விழுந்தாலும் மெதுவாக, மணல் பக்கம் விழுவோம்.

திரும்பும்போது எல்லாம் தலைகீழ். கடல் இடது பக்கம், பாறைகளை ஒட்டியே வருகிறோம். காற்று இடது பின்புறத்திலிருந்து வலப்பக்கம், அதாவது கன்டெய்னர் லாரிகள் போகும் பக்கம் தள்ளுகிறது. பெடலை மிதிக்காமலே வேகம் ஏறுகிறது, காதில் காற்றுச் சத்தமும் இல்லை. நாம் நன்றாக ஓட்டுகிறோம் என்ற நினைப்பு வந்துவிடும்! அதனால் திரும்பும் வழியில் யாரும் 25-ஐத் தாண்டக் கூடாது. இரண்டு கையும் ஹேண்டில்பாரில். தண்ணீர் குடிக்க வேண்டுமென்றால் நிறுத்திக் குடியுங்கள்.

போகும்போது இன்னொன்று. வலப்புறக் காற்றுக்கு நாம் நம்மை அறியாமல் வலது பக்கம் சாய்ந்து ஓட்டுவோம். லாரி பக்கத்தில் வந்ததும் காற்று நின்றுவிடும். சைக்கிள் லாரி பக்கமாக வெட்டும். லாரி தாண்டியதும் காற்று மறுபடி அறையும். ஹாரன் கேட்டால் உடம்பை இறுக்காதீர்கள். முழங்கையை லேசாக மடக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

முன்னால் போகிறவரை ஒட்டிப் போனால் சுலபம் என்கிறார்களே?

சுலபம்தான். அவர் காற்றைக் கிழிப்பார், உங்களுக்கு உழைப்பு குறையும். ஆனால் காற்று வலது முன்புறம் அடிக்கும்போது காற்று படாத அந்த நிழல் அவருக்கு நேர் பின்னால் இருக்காது, சற்று இடது பின்பக்கம் விழும். அந்த நிழலைத் தேடிப் போய்த்தான் பலர் தங்கள் முன்சக்கரத்தை அவருடைய பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில் கொண்டுபோய் வைக்கிறார்கள். அவர் ஒரு பள்ளத்துக்கு விலகினால் விழப்போவது நீங்கள், அவரல்ல. டிவியில் வெளிநாட்டுப் பந்தயங்களில் சாலை முழுக்கச் சாய்வு வரிசை கட்டுவார்கள். அங்கே சாலையை அவர்களுக்காக அடைத்திருப்பார்கள். நமக்கு ஒற்றை வரிசை, நடுவில் இரண்டு சைக்கிள் நீளம் இடைவெளி. முன்னால் போகிறவர் மூன்று நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை மாறட்டும்.

ஈரத்தில் பிரேக் பிடிக்கவே மாட்டேன் என்கிறது அண்ணா.

சக்கர விளிம்பை (ரிம்) ரப்பர் கட்டையால் பிடிக்கும் ரிம் பிரேக் என்றால் அப்படித்தான் அக்கா. முதல் ஒன்றிரண்டு சுற்று ரிம்மிலுள்ள தண்ணீரைத் துடைக்கத்தான் போகும். அதனால் முன்கூட்டியே லேசாகத் தொட்டுத் தொட்டு விடுங்கள், திரும்புவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். ரப்பர் கட்டையில் மணல் சிக்கியிருந்தால் கரகரவென்று கேட்கும். நகத்தால் கிள்ளி எடுத்துவிடலாம்.

மழைக்குப் பட்டன் பட்டனாகப் புடைத்த டயர் போட வேண்டுமா?

வேண்டாம். சைக்கிள் டயர் ஒல்லி, உருண்டை; நம் வேகத்தில் கார்போலத் தண்ணீரின் மேல் மிதக்காது. வழுவழு டயரே போதும். டயரில் 90 பிஎஸ்ஐ காற்றழுத்தம் வைப்பவர்கள் 80 வையுங்கள். டயர் பக்கவாட்டில் போட்டிருக்கும் குறைந்த அளவுக்குக் கீழே மட்டும் போகாதீர்கள்.

எங்கே அதிகம் வழுக்கும்?

இரும்பு எல்லாமே: மூடி, பலகை, தண்டவாளம். சாலையில் போட்ட வெள்ளைக்கோடு. அப்புறம் முதல் தூறல் விழுந்த கால் மணி நேரம். லாரிகள் சொட்டிய டீசலும் ஆயிலும் மேலே வந்து வானவில் போல மினுக்கும். அதன் மேல் பிரேக்கும் வேண்டாம், திருப்பமும் வேண்டாம், நேராக உருண்டு போங்கள்.

நான் விழுந்தது இது எதிலும் இல்லை. காசிமேட்டிலிருந்து மீன் வண்டி ஐஸ் தண்ணீரைச் சொட்டிக்கொண்டே போயிருக்கிறது. மழைத் தண்ணீர்தானே என்று திரும்பினேன். அது கொழகொழவென்று செதிலும் கொழுப்புமாக இருக்கும் என்பது கீழே கிடந்தபோதுதான் தெரிந்தது. முழங்கை ஆற மூன்று வாரம். கையுறையில் வாடை போகவே இல்லை.

ரெயின்கோட்?

தொளதொளவென்று போர்த்திக்கொள்ளும் போஞ்சோ வேண்டாம், பாய்மரம் போல இழுக்கும். உடம்பை ஒட்டிய ஜாக்கெட் போதும். காட்டன் டீசர்ட் நனைந்தால் சென்னையிலும் குளிரும்.

புதிதாகச் சேர்ந்திருக்கிறேன், கியர் இல்லாத சைக்கிள். வரலாமா?

தாராளமாக. கடைசி ஆளோடு வாருங்கள், அவர் யாரையும் விட்டுவிட்டு வரமாட்டார். பின்னால் சிவப்பு விளக்கு கட்டாயம். வீட்டுக்குப் போனதும் செயினை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து எண்ணெய் விடுங்கள். கடல் உப்பு மறுநாளே துருவாக வந்து நிற்கும். மட்கார்டையும் கழற்றிவிடாதீர்கள். போன மாதம் மட்கார்டு இல்லாத ஒருவர் பின்னால் எர்ணாவூர் வரை வந்தேன். டீ குடிக்கும்போதும் வாயில் மணல்.