வாங்கிய முன்பணத்தைத் தீர்க்காமல் சூளையை விட்டு வரலாமா?

கேள்வி: என் தம்பியும் அவன் மனைவியும் 40,000 ரூபாய் முன்பணம் வாங்கிக்கொண்டு, தை மாதம் வேறு மாவட்டத்துச் செங்கல் சூளைக்குக் கல் அறுக்கப் போனார்கள். எங்கள் தாயார் இறந்தபோது தம்பியை மட்டும் இரண்டு நாளைக்கு அனுப்பினார்கள். மனைவியையும் பிள்ளைகளையும் அங்கேயே நிறுத்திக்கொண்டார்கள். 'அட்வான்ஸ் கணக்கைத் தீர்த்துவிட்டுக் கிளம்பு' என்கிறார் முதலாளி. வாங்கிய பணத்தைக் கொடுக்காமல் வருவது தவறில்லையா?
– ஒரு சகோதரி, திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: தாயாரை இழந்த துயரத்தோடு இந்தக் கவலையும் உங்களைச் சேர்ந்திருப்பது வருத்தமளிக்கிறது. நீங்கள் கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: தவறில்லை. கொத்தடிமைத் தொழிலாளர் முறை (ஒழிப்பு) சட்டம், 1976, இத்தகைய முன்பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய கடமையையே 6ஆம் பிரிவில் ரத்து செய்துவிட்டது. அப்படி ரத்தான கடனுக்காக முதலாளி பணம் வாங்கினால், 9ஆம் பிரிவின்படி அவருக்குத்தான் மூன்று ஆண்டு வரை சிறை. ஆகவே கம்மலை அடகு வைத்தோ வட்டிக்கு வாங்கியோ அந்தக் கணக்கைத் தீர்க்க முயல வேண்டாம்.

அடைத்து வைத்து அடித்தால்தான் கொத்தடிமை என்று பலர், அதிகாரிகளில் சிலரும்கூட, நினைக்கிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. முன்பணத்தின் பேரில் வேலை செய்பவர் வேறு வேலைக்குப் போக முடியாமலோ, விரும்பிய இடத்துக்குப் போய்வர முடியாமலோ, தன் உழைப்பையோ பொருளையோ சந்தை விலைக்கு விற்க முடியாமலோ, சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி கிடைக்காமலோ இருந்தால், இந்த நான்கில் ஒன்று இருந்தாலே போதும். இறப்புக்குக்கூடக் குடும்பத்தோடு வர விடாதது, இவற்றுள் இரண்டாவதற்கு நேரடியாகப் பொருந்துகிறது.

கூலியையும் பார்க்க வேண்டும். சூளையில் வேலை செய்த ஒரு குடும்பத்தின் கணக்கு நோட்டை ஒருமுறை கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். ஒரு பக்கம் அறுத்த கல், மறுபக்கம் வாரந்தோறும் கொடுத்த செலவுக்காசு. மழையில் கரைந்துபோன பச்சைக்கல் கணக்கில் ஏறவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சலென்று வாங்கிய 500 ரூபாய் மறக்காமல் ஏறியிருந்தது. நோட்டின் மேல் கணவரின் பெயர் மட்டுமே இருந்தது. விடியுமுன் எழுந்து மண் குழைத்த மனைவியின் உழைப்பு ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்ற அந்த ஒரே கணக்குக்குள் கரைந்துபோயிருந்தது. இருவருக்கும் தனித்தனியே குறைந்தபட்சக் கூலி போட்டுப் பார்த்தால், பாக்கி வைத்திருப்பவர் யார் என்பது உடனே தெரிந்துவிடும். குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவது அரசியலமைப்பின் 23ஆவது பிரிவு தடைசெய்த கட்டாய உழைப்பே என்று, ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டுமானத் தொழிலாளர்கள் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1982லேயே தீர்ப்பளித்துள்ளது.

இனி செய்ய வேண்டியது. சூளை இருக்கும் மாவட்டத்தின் ஆட்சியருக்கும் அந்தக் கோட்டத்தின் வருவாய்க் கோட்டாட்சியருக்கும் இன்றே மனு அனுப்புங்கள். சூளை இருக்கும் இடம், உள்ளே இருப்பவர்களின் பெயரும் வயதும், முன்பணம், வேலை நேரம், கையில் கிடைக்கும் கூலி, ஊருக்கு விட மறுத்த நாள் ஆகியவற்றை எழுதுங்கள். முதலாளியும் மேஸ்திரியும் இல்லாத இடத்தில் வைத்துக் குடும்பத்தை விசாரிக்க வேண்டும் என்று மனுவிலேயே கேளுங்கள். அவர்கள் நிற்கும்போது 'ஒரு குறையுமில்லை' என்ற பதிலைத் தவிர வேறொன்றும் வராது. அது கொத்தடிமைக் கடன் அல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பு, 15ஆம் பிரிவின்படி, பணம் கொடுத்தவரைச் சேர்ந்தது. நீங்கள் பட்டியல் சாதியினராகவோ பழங்குடியினராகவோ இருந்தால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் பொருந்தலாம். சட்ட உதவி ஆணையத்தின் 15100 என்ற எண்ணில் இலவச உதவி கேட்கலாம்.

அதிகாரிகள் வந்து சமரசம் பேசி, குடும்பத்தை வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டால் அதோடு திருப்தி அடைந்துவிடாதீர்கள். விடுதலைச் சான்று என்ற ஒரு தாளைக் கேட்டு வாங்குங்கள். கடன் ரத்தானதற்கும் அரசின் மறுவாழ்வு உதவிக்கும் அந்தத் தாள்தான் ஆதாரம். அது கையில் இல்லாமல் ஊர் திரும்பியவர்கள், அடுத்த தையில் வேறொரு மேஸ்திரியிடம் கை நீட்டும் நிலைக்கு வந்துவிடுகிறார்கள்.

கேள்வி: அரிசி ஆலையிலிருந்து எங்களை மீட்டு இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. சான்று இருக்கிறது, முதல் உதவித்தொகையும் வந்தது. மீதி எப்போது வரும் என்று கேட்டால், வழக்கு முடியட்டும் என்கிறார்கள்.
– ஒரு வாசகர், காஞ்சிபுரம் மாவட்டம்

பதில்: 2016ஆம் ஆண்டின் மத்திய அரசுத் திட்டத்தில் இரண்டு கட்டங்கள் உள்ளன. மீட்கப்பட்டவுடன் கொடுக்கும் உதவி, முதலில் 20,000 ரூபாய் வரை இருந்து, பின்னர் 30,000 வரை உயர்த்தப்பட்டது. அடுத்து, வயது வந்த ஆணுக்கு 1 லட்சம், பெண்களுக்கும் சிறார்க்கும் 2 லட்சம், மாற்றுத்திறனாளிகள், திருநங்கையர், பாலியல் சுரண்டலிலிருந்து மீட்கப்பட்ட பெண்கள் போன்றோருக்கு 3 லட்சம். இந்த இரண்டாம் தொகையை வழக்கின் முடிவோடு சேர்த்துக் கட்டியதுதான் உங்களைக் காக்க வைத்திருக்கிறது. வழக்கை நடத்துவது அரசு. அது தாமதமானால் தண்டனை அனுபவிப்பது மீட்கப்பட்டவர். இது அநியாயம் என்பதே என் உறுதியான கருத்து. விடுதலைச் சான்றையே போதிய ஆதாரமாகக் கொண்டு முழுத் தொகையையும் கொடுக்கும்படி திட்டத்தைத் திருத்த வேண்டும்.

ஆனால் இன்றுள்ள விதியிலேயே உங்களுக்கு ஒரு பிடி இருக்கிறது. கொத்தடிமைத்தனம் இருந்ததாக மாவட்ட நிர்வாகம் முதல்நோக்கில் முடிவு செய்திருந்தால், தண்டனை விவரம் இல்லை என்பதற்காக நிதி கோரும் கருத்துருவை நிறுத்தி வைக்கக் கூடாது என்று திட்டமே சொல்கிறது. உங்கள் பெயரில் கருத்துரு அனுப்பப்பட்டதா, எந்தத் தேதியில், வழக்கு எந்த நிலையில் என்ற மூன்றையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் ஆட்சியர் அலுவலகத்தில் கேளுங்கள். வீட்டுமனை, குடும்ப அட்டை, பிள்ளைகளின் படிப்பு ஆகியவற்றுக்குத் தனி மனு கொடுங்கள்.

கேள்வி: சிறிய அளவில் சூளை நடத்துகிறேன். முன்பணம் கொடுக்காவிட்டால் ஆள் வருவதில்லை. கொடுப்பதே குற்றமா?
– ஒரு வாசகர், திருவள்ளூர் மாவட்டம்

பதில்: பணம் கொடுப்பது மட்டுமே குற்றமாகாது, அந்தப் பணத்தைக் காட்டி ஆளைப் பிடித்து வைப்பதுதான் குற்றம். ஒவ்வொருவர் பெயரிலும் தனிக் கணக்கு வையுங்கள், குறைந்தபட்சக் கூலிக்குக் குறையாமல் வாரந்தோறும் கையில் கொடுங்கள், பதினான்கு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளைக் கல் பக்கமே விடாதீர்கள். பாக்கி இருக்கும்போதே ஒருவர் கிளம்ப விரும்பினால், அன்றே அனுப்பிவிடுங்கள்.