டுரியான் தோட்டத்துக்கு எந்த டயர்?

கேள்வி: பாலிக் பூலாவ் மலைத்தோட்டத்திலிருந்து ஜார்ஜ் டவுனுக்குப் பிக்கப்பில் டுரியான் ஏற்றி வருகிறேன். ஆல்-டெரெய்ன் டயர் (தார் சாலை, மண் பாதை இரண்டுக்கும் ஆனது) போடலாமா? காற்று எவ்வளவு? – வாசகர், பினாங்கு

பதில்: தாராளமாகப் போடுங்கள். ஆனால் தோட்டத்தில் சேறு இருக்கிறதே என்று முழுச் சேற்று டயருக்குப் போய்விடாதீர்கள், மழை நாளில் தார் சாலையில் அதன் பிடிப்பு குறைவு, இரைச்சலும் அதிகம். சுமைக் குறியீடு (டயர் தாங்கும் எடையைக் குறிக்கும் எண்) வண்டியோடு வந்த டயரைவிடக் குறையவே கூடாது. சரி, காற்று? ஓட்டுநர் கதவோரம் ஒட்டியிருக்கும் அட்டவணையைப் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பது உச்ச வரம்பு, அவ்வளவு அடிக்க வேண்டியதில்லை. பழம் ஏற்றும் நாளில் பின் டயருக்கு அட்டவணையின் முழுச்சுமை அளவு வேண்டும். காலையில் வண்டி ஓடும் முன்பே அளந்துவிடுங்கள், சூடான டயர் கூடுதலாகக் காட்டும். பெட்ரோல் நிலைய மீட்டர் கிலோபாஸ்கலில் இருந்தால் 1 பிஎஸ்ஐக்கு (காற்றழுத்தத்தின் இன்னொரு அலகு) சுமார் 6.9 கிலோபாஸ்கல் என்று கணக்கிடுங்கள். அப்புறம், சேற்றுக்காகக் காற்றைக் குறைப்பது காலி வண்டிக்கு மட்டும், சுமையோடு தயவுசெய்து வேண்டாம்.