தலைகீழாக ஓடும் ரயிலுக்கு என்ன அர்த்தம்?

வெள்ளவத்தை வாசகி ஒருவர் கேட்கிறார்: "கொழும்பின் திறந்தவெளி ஓவியச் சந்தையான கலாபொலவில் ஓர் ஓவியம் வாங்கினேன். புறக்கோட்டைச் சிவப்புப் பள்ளிவாசல், பக்கத்தில் கடல், வானத்தில் தலைகீழாக ஒரு ரயில், பஸ்ஸைவிடப் பெரிய மீன், பச்சை முகத்தோடு மிதக்கும் பெண். நிறங்கள் பிடித்து வாங்கிவிட்டேன். வருபவர்கள் அர்த்தம் கேட்டால் விழிக்கிறேன். எப்படிப் புரிந்துகொள்வது?"

மீன் என்றால் செழிப்பு, பச்சை என்றால் நம்பிக்கை என்று தேடாதீர்கள். அது கனவுக்குப் பலன் சொல்பவர்களின் வேலை. முதலில், ஊரில் உள்ளது எது, ஓவியர் மாற்றியது எது என்று பிரித்துப் பாருங்கள். 1909இல் கட்டி முடிந்த ஜாமி உல் அல்பார் பள்ளிவாசல் நேரிலும் சிவப்பும் வெள்ளையுமாகத்தான் நிற்கிறது. கடலோர ரயிலை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். ஆனால் பள்ளிவாசலும் கடலும் ஒட்டி நிற்பதும், ரயில் கவிழ்ந்து வானில் ஓடுவதும் ஓவியரின் கைவேலை. அர்த்தம் அங்கேதான் இருக்கிறது.

மார்க் ஷகால் 1913இல் வரைந்த 'ஜன்னல் வழியே பாரிஸ்' ஓவியத்தை இணையத்தில் தேடிப் பாருங்கள். அதிலும் ஒரு ரயில் தலைகீழாக ஓடுகிறது. முன்னால் இரண்டு முகங்கள் கொண்ட ஒரு மனிதர். வீத்தெப்ஸ்க் என்ற ஊரிலிருந்து பாரிசுக்கு வந்து சில ஆண்டுகளே ஆன இளைஞர் வரைந்தது அது. ஒரு முகம் புதிய நகரத்தையும் மற்றது விட்டுவந்த ஊரையும் பார்ப்பதாகப் பலர் வாசிக்கிறார்கள். ஷகாலோ தன் படங்களுக்கு நேரடிப் பொருள் சொல்வதை ஏற்கவில்லை. ஊரை விட்டு வந்தவர்கள் நிறைந்த கொழும்பில் அந்த இரட்டை முகம் நமக்கு அந்நியமில்லை. உங்கள் ஓவியத்துப் பெண் எந்தப் பக்கம் பார்க்கிறாள் என்று கவனியுங்கள்.

மீனின் அளவு தூரத்தைக் காட்டுவதல்ல. கோயில் சுவரோவியங்களில் தெய்வம் பெரிதாகவும் அடியார் சிறிதாகவும் இருப்பதுபோல, இங்கே அளவு முக்கியத்துவத்தைச் சொல்கிறது. பச்சை முகத்துக்கு அர்த்தமே தேவைப்படாமலும் போகலாம். சற்றுத் தள்ளி நின்று, அந்த முகத்தைக் கையால் மறைத்துப் பள்ளிவாசலைப் பாருங்கள். சிவப்பின் வேகம் குறைந்தால் விடை கிடைத்துவிட்டது: எதிர் நிறங்களான பச்சையும் சிவப்பும் ஒன்றையொன்று தூக்கிக் காட்டுகின்றன.

விருந்தினரிடம் நீங்கள் கண்டதையே சொல்லுங்கள், அது போதும். கலாபொலவில் ஓவியர்களே நின்று விற்கிறார்கள். அடுத்த முறை போனால் அர்த்தம் கேட்காமல், "இதில் எதை முதலில் வரைந்தீர்கள்?" என்று கேளுங்கள். பெரும்பாலும் மனம் திறந்து பேசுவார்கள்.