போர்மேன் பதில்கள்: இறக்காமலே இறுக்கலாம்

கேள்வி: என்னிடம் 2012 மைவி 1.3 கார் இருக்கிறது. செம்பனைத் தோட்டத்தில் வேலை, வீடும் அங்கேயேதான். அடிக்கடி சிம்பாங் பூலாய் வழியாகக் கேமரன் மலைக்குப் போவேன். வளைவில் கார் ரொம்பச் சாய்கிறது, மூக்கு வெளியே இழுக்கிறது. ஸ்பிரிங் மாற்றிக் காரை இறக்கு என்கிறார்கள் கூட்டாளிகள். இறக்கினால் தோட்டத்துச் சடக்கில் அடி தட்டும், டயரும் தேயும் என்று பயம். வேறு வழி உண்டா?
- தோட்டத்து வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: பயப்படுவது சரிதான் தம்பி. குலை ஏற்றும் லோரி உழுதுவிட்டுப் போன மண்சடக்கில் இறக்கின காரை ஓட்டிப் பிழைக்க முடியாது.

இன்னொரு விஷயம். மைவிக்கு முன்னால் மெக்பர்சன் ஸ்ட்ரட், அதாவது ஸ்பிரிங்கும் குலுக்கலை அடக்கும் அப்சோர்பரும் ஒன்றாகச் சேர்ந்த தூண். இறக்கினால், சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் லோவர் ஆர்ம் சக்கரப் பக்கம் மேலே தூக்கிக்கொள்ளும். கார் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ, அந்தப் புள்ளி காரைவிட அதிகமாக இறங்கிப் போகும், காரைச் சாய்க்கும் நெம்பு நீளும். கெட்டி ஸ்பிரிங் தந்த லாபத்தில் ஒரு பங்கை இது தின்றுவிடும். கூடவே டோவும், அதாவது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ பார்த்து நிற்கும் கோணமும் மாறும். அலைன்மென்ட் பார்க்காமல் ஓட்டினால் டயரின் உள்பக்கம் மொட்டை.

முதலில் எந்தப் பாகம் தளர்ந்து ஆடுகிறது என்று பாருங்கள். இந்த வயது மைவியில், அதுவும் மண்சடக்கில் ஓடினதில், லோவர் ஆர்ம் புஷ் (மூட்டில் இருக்கும் ரப்பர்), பால் ஜாயிண்ட், அப்சோர்பர் மேல் மவுண்டிங் மூன்றும் சந்தேகத்துக்குரியவை. புஷ் மாற்றும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். ஜெக்கில் தூக்கிச் சக்கரம் தொங்கும்போதே போல்ட்டை முழுசாக இறுக்கிவிட்டால், கார் கீழே இறங்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும், சீக்கிரம் கிழியும். காரின் எடை சக்கரத்தில் உட்கார்ந்த பிறகுதான் கடைசி இறுக்கு. அவசரக்காரர்கள் இதைச் செய்வதே இல்லை. புஷ் மட்டம் என்று கடைக்காரரைத் திட்டுவார்கள்.

அப்சோர்பரில் எண்ணெய் கசிந்தால் ஜோடியாக மாற்றுங்கள், ஒரிஜினல் உயரத்திலேயே. ஆனால் அது சாயும் வேகத்தைத்தான் அடக்கும். நீண்ட வளைவில் எவ்வளவு சாய்வது என்பது ஸ்பிரிங், இடது வலது சக்கரங்களை இணைத்துச் சாய்வைத் தடுக்கும் ஸ்டெபிலைசர் பார் இரண்டின் கையில்.

ஆகவே காசு போடுவதென்றால் பின்பக்க ஸ்டெபிலைசர் பாருக்குப் போடுங்கள். மைவியின் பின்னால் இருப்பது இரு பின்சக்கரங்களையும் இணைக்கும் டோர்ஷன் பீம். பார் அதிலேயே போல்ட் ஆகிவிடும். உயரம் துளியும் குறையாது. பின்பக்கம் சாய்வைத் தாங்கத் தொடங்கினால் முன்னால் வெளிப்பக்க டயருக்குச் சுமை குறையும், மூக்கு இழுப்பதும் குறையும், அந்த டயரின் தோளும் (ஓரமும்) பிழைக்கும். தடிமனானதை வாங்காதீர்கள். மலையில் மழை பெய்யும்போது பின்பக்கம் வழுக்கும். தோட்டத்துக்குள்ளும், ஒரு சக்கரம் குழியில் விழுந்தால் மற்றதும் சேர்ந்து குலுங்கும்.

போனெட்டுக்குள் இரு ஸ்ட்ரட் தலைகளையும் இணைத்துச் சிவப்பாக மினுக்கும் ஸ்ட்ரட் பார் உங்களுக்கு வேண்டாம். படம் எடுக்க நல்லது.

இப்போது 175/65 ஆர்14 டயர் என்றால், தேய்ந்த பிறகு 185/60 ஆர்14 போடலாம். கார் 3 மில்லிமீட்டர்கூட இறங்காது. டயரின் பக்கச் சுவர் கொஞ்சம் குட்டை, வளைவில் அவ்வளவாக மடங்காது. காற்றை டயர் சூடாகும் முன் காலையிலேயே பாருங்கள், கதவோரம் ஒட்டியிருக்கும் அளவுப்படி.

எல்லாம் மாட்டிய பிறகு அலைன்மென்ட். கொஞ்ச நாள் ஓட்டிவிட்டு டயரின் மேல் உள்ளங்கையைக் குறுக்கே தடவுங்கள். ஒரு பக்கம் போகும்போது வழவழப்பு, திரும்பி வரும்போது ரம்பம் மாதிரி சுரண்டல் என்றால் டோ சரியில்லை. பணம் கட்டின கடைக்கே திருப்பிக் கொண்டுபோங்கள். இரு தோளும் மட்டும் தேய்ந்தால் காற்றுக் குறைவு.

கேள்வி: இரண்டு புது டயர்தான் வாங்க முடியும். முன்னால் போடுவதா, பின்னால் போடுவதா?
- ஒரு வாசகி, தாப்பா

பதில்: பின்னால்தான் அம்மா, முன்சக்கரம் இழுக்கும் காராக இருந்தாலும். ஈரத்தில் முன் டயர் பிடி விட்டால் கார் நேராக ஓடும், கால் தளர்த்தினால் பெரும்பாலும் திரும்பக் கிடைக்கும். பின் டயர் விட்டால் கார் சுழன்றுவிடும். கடையில் கேட்காமலே முன்னால் மாட்டத் தொடங்குவார்கள், நிறுத்தச் சொல்லுங்கள்.