டாக்டர், எங்கள் ஓபன் மேரேஜ் ஒரு மனநோயா?

கேள்வி: எனக்கு 36 வயது. பெங்களூரில் மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். திருமணமாகி ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. மூன்று ஆண்டுகளுக்கு முன் நானும் கணவரும் பல மாதம் பேசி, இருவரும் சம்மதித்து, ஓபன் மேரேஜ், அதாவது திருமணத்துக்கு வெளியேயும் இருவரும் உறவு வைத்துக்கொள்ளலாம் என்ற முடிவுக்கு வந்தோம். அவருக்கு ஒரு தோழி இருக்கிறார். எங்கள் வீட்டுக்கு வந்து சாப்பிட்டிருக்கிறார். எனக்கும் ஒரு நண்பர் இருந்தார், இப்போது இல்லை. யாரும் யாரிடமும் எதையும் மறைக்கவில்லை. ஐந்து மாதமாக எனக்குத் தூக்கம் போய்விட்டது. விடிகாலை மூன்று மணிக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டு எழுந்துவிடுகிறேன். தை மாதம் அப்பா இறந்தார், பிறகு ஆபீஸ் வேலையும் கூடிவிட்டது. ஒரு கவுன்சலரிடம் போனேன். எங்கள் திருமணத்தைப் பற்றிச் சொன்னதும் பேனாவை மூடி வைத்துவிட்டார். “முதலில் அதை நிறுத்துங்கள், தூக்கம் தானாக வரும்” என்றார். மூன்று முறை போனேன், மூன்று முறையும் அதே பேச்சு. நாங்கள் வாழும் விதம் ஒரு மனநோயா? எங்களைப் போன்றவர்களுக்குச் சிகிச்சை தருகிறவர்கள் உண்டா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: நோய் இல்லை. மூன்று முறை போயும் உங்களுக்கு யாரும் இதைச் சொல்லாததால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மனநோய்களை வகைப்படுத்த நாங்கள் பயன்படுத்துபவை இரண்டு: உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11, அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் டிஎஸ்எம்-5. சம்மதித்து ஒருவருக்கு மேற்பட்டவருடன் உறவில் இருப்பது இரண்டிலுமே நோயாகக் குறிக்கப்படவில்லை. நம் நாட்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 இன்னும் வெளிப்படையாகப் பேசுகிறது. தன் சமூகத்தின் ஒழுக்க, பண்பாட்டு, மத நம்பிக்கைகளோடு ஒருவர் ஒத்துப்போகவில்லை என்பதை வைத்து அவருக்கு மனநோய் என்று முடிவுகட்டக் கூடாது என்கிறது அதன் 3-வது பிரிவு.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டாம் முறை ஒரு வரியில் நின்றுவிட்டேன். தை மாதம் அப்பா இறந்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். தூக்கம் போனதும் அதே ஐந்து மாதமாகத்தான். ஓபன் மேரேஜுக்கு மூன்று வயது, தூக்கமின்மைக்கு ஐந்து மாதம். இந்தக் கணக்கு அந்தக் கவுன்சலரின் கண்ணில் படவே இல்லை. அப்பாவைப் பற்றி அவர் ஒரு கேள்வியாவது கேட்டாரா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. கேட்டிருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். எனக்கு இதில் கோபம்தான் வருகிறது. அவருடைய சொந்த நம்பிக்கை என்னவாகவும் இருக்கட்டும். உங்கள் திருமணத்தையே பார்த்துக்கொண்டு உங்களைப் பார்க்கத் தவறியது சிகிச்சைப் பிழை.

இது உங்களுக்கு மட்டும் நடந்ததில்லை. இத்தகைய உறவுகளில் இருக்கும் 249 பேரிடம், சிகிச்சையில் எது உதவியது, எது காயப்படுத்தியது என்று கேட்ட ஆய்வு ஒன்று 2018-ல் அமெரிக்காவில் வெளிவந்தது. வந்த பிரச்சினை எதுவானாலும் உறவு முறையின் தலையில் கட்டுவது, அதை விட்டுவிடச் சொல்லி நெருக்குவது, அடிப்படைகூடத் தெரியாமல் நோயாளியையே பாடம் நடத்த வைப்பது ஆகியவை காயப்படுத்தியதாக அவர்கள் சொன்னார்கள். தீர்ப்புச் சொல்லாமல் கேட்டவர்களும், தெரியாததைத் தாங்களே படித்துத் தெரிந்துகொண்டு வந்தவர்களும் உதவியிருக்கிறார்கள். அமெரிக்க உளவியல் சங்கத்தில் பாலீர்ப்பு, பாலினப் பன்மையைக் கவனிக்கும் 44-வது பிரிவு அதே 2018-ல் இதற்கென்றே ஒரு பணிக்குழு அமைத்தது. அங்கே இது அபூர்வமான வாழ்க்கையும் இல்லை. திருமண பந்தத்தில் இல்லாத 8,700-க்கும் மேற்பட்ட அமெரிக்கர்களிடம் கேட்டு 2017-ல் வெளியான ஆய்வில், ஐந்தில் ஒருவருக்கு மேல் வாழ்வில் எப்போதாவது இத்தகைய உறவில் இருந்ததாகச் சொன்னார்கள்.

நீங்கள் தேடுவதற்குப் பெயர் அஃபர்மேட்டிவ் தெரபி. ஏற்புச் சிகிச்சை என்று சொல்லலாம். ஏற்பு என்றவுடன் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படிக் கிடையாது. நல்ல சிகிச்சையாளர் உங்களைத் தனியாக உட்கார வைத்து, நம்பிக்கை ஏற்பட்ட பிறகு, கடினமான கேள்விகளைக் கேட்பார். இந்த ஏற்பாட்டை முதலில் கேட்டது யார்? அன்று வேண்டாம் என்று சொல்லியிருந்தால் வீட்டில் என்ன நடந்திருக்கும்? இன்று மனம் மாறினால் பயமில்லாமல் சொல்ல முடியுமா? சம்மதம் என்பது மூன்று ஆண்டுக்கு முன் ஒருமுறை கொடுத்து முடிந்துபோகிற விஷயம் இல்லை. பொருளாதாரத்தாலோ பயத்தாலோ ஒருவர் ஒத்துக்கொண்டிருந்தால் அதற்குச் சம்மதம் என்றே பெயர் கிடையாது. அந்த வேறுபாட்டைக் கண்டுபிடிப்பதும் ஏற்புச் சிகிச்சையின் வேலைதான்.

இதை நானே தப்பாகச் செய்திருக்கிறேன். பயிற்சி முடித்த புதிதில், பதற்ற நோய்க்காக வந்த ஒருவர் தன் மனைவியும் தானும் இப்படி வாழ்வதாகச் சொன்னார். நான் கேட்ட முதல் கேள்வி, “உங்கள் மனைவி மனசார ஒத்துக்கொண்டாரா?” என்பதுதான். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அவர் எதற்கு வந்தார் என்பதைக் காது கொடுத்துக் கேட்பதற்கு முன்பே, விசாரணை அதிகாரி போலக் கேட்டேன். மறுமுறை அவர் வரவில்லை. அவருடைய பதற்றத்துக்கு யாரிடம் போனாரோ என்று இன்னமும் நினைத்துக்கொள்வேன்.

பொறாமை வருவதுண்டா என்று நீங்கள் எழுதவில்லை. வந்தாலும் அது தோல்வியின் அடையாளம் இல்லை. நேரம் போதவில்லையா, கைவிடப்படுவோம் என்ற பயமா, பேசி வைத்த ஒன்று மீறப்பட்டதா என்று பிரித்துப் பார்த்தால் பேசித் தீர்க்க வழி கிடைக்கும்.

இன்னொன்றும் என்னை உறுத்துகிறது. “எனக்கும் ஒரு நண்பர் இருந்தார், இப்போது இல்லை” என்று ஒரே மூச்சில் கடந்துபோய்விட்டீர்கள். அப்பாவுக்குத் துக்கம் விசாரிக்க ஊரே வந்திருக்கும். அந்த நண்பர் விலகியதற்கு யார் வந்தார்கள்? வெளியில் சொல்ல முடியாத உறவு முடியும்போது அழுவதற்கும் இடம் இருக்காது. அம்மாவிடம் சொல்ல முடியாது, அலுவலகத்தில் விடுப்புக் கேட்க முடியாது, தன் தோழியோடு மகிழ்ச்சியாக இருக்கும் கணவரிடம் சொல்லவும் கூச்சமாக இருக்கலாம். இரண்டு இழப்புகளும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தனவா என்பதை உங்கள் சிகிச்சையாளர் கேட்க வேண்டும். அவர் கேட்காவிட்டாலும் நீங்கள் சொல்லுங்கள்.

ஆளைத் தேடும்போது, நேரம் வாங்குவதற்கு முன்பே போனில் கேட்டுவிடுங்கள்: “ஒருவருக்கு மேற்பட்ட துணை உள்ளவர்களுக்குச் சிகிச்சை தந்ததுண்டா? அதை நிறுத்தச் சொல்வீர்களா?” பதில் தடுமாறினால் வேறொருவரைப் பாருங்கள். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று சொல்பவர் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு செய்தவரா என்றும் கேட்கலாம், அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. மும்பையின் மரிவாலா ஹெல்த் இனிஷியேட்டிவ், குவியர் அஃபர்மேட்டிவ் கவுன்சலிங் (மாற்றுப் பாலீர்ப்பு, பாலினம் கொண்டவர்களுக்கான ஏற்புச் சிகிச்சை) என்ற பயிற்சியை நடத்துகிறது. அந்தப் பயிற்சி பெற்றவர்களிடம் உங்கள் வாழ்க்கையை முதலிலிருந்து விளக்க வேண்டிய தேவை குறையும். நடுராத்திரியில் தாங்க முடியாமல் போனால் அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416, தமிழிலும் பேசலாம்.

வெளியே சொல்லிவிடுவார்களோ என்ற பயம் உங்களுக்கு இருக்கலாம். நான் முதலில் சொன்ன மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-வது பிரிவு, சிகிச்சையில் பேசியதை ரகசியமாக வைத்திருக்கும் உரிமையைத் தருகிறது. உயிருக்கு ஆபத்து போன்ற சில சூழல்கள் மட்டுமே விலக்கு. திருமணத்துக்கு வெளியே உறவைக் குற்றமாக்கிய, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 497-வது பிரிவை உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 27 அன்று ரத்து செய்துவிட்டது. விவாகரத்துச் சட்டங்களில் மட்டும் அது இன்னும் ஒரு காரணமாக நீடிக்கிறது, அதை வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

உடல் பக்கம் சுருக்கமாக. நீங்கள், கணவர், அவருடைய தோழி என எல்லோரும் ஆணுறையைப் பற்றிப் பேசி வைத்திருப்பது நல்லது. எச்ஐவி, சிபிலிஸ் பரிசோதனையை மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை செய்துகொள்ளுங்கள். நான்காம் தலைமுறை என்ற புதுவகை எச்ஐவி பரிசோதனைக்குக்கூட, தொடர்பு நடந்து 45 நாள் கழிந்த பிறகே இல்லை என்ற முடிவை நம்பலாம். அரசு மையங்களில் இது இலவசம், 1097 என்ற எச்ஐவி உதவி எண்ணில் இடம் கேட்கலாம். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போடாதிருந்தால் போட்டுக்கொள்ளுங்கள்.

படபடப்புக்கும் தூக்கமின்மைக்கும் தைராய்டும் ரத்தசோகையும் காரணமாக இருக்கலாம். ஆகவே இந்த வாரமே டிஎஸ்எச் என்ற தைராய்டு பரிசோதனை, ஹீமோகுளோபின் இரண்டையும் பார்த்துவிட்டு, ஒரு இசிஜியும் எடுத்துவிடுங்கள். மதியத்துக்குப் பிறகு காபி வேண்டாம். புதிய சிகிச்சையாளரிடம் போகிற முதல் நாள், உங்கள் திருமணத்தைப் பற்றி இரண்டு வாக்கியம் சொன்னால் போதும். மீதி நேரம் முழுக்க அப்பாவைப் பற்றிப் பேசுங்கள்.