எந்தத் துப்பாக்கி, எந்தச் சோக்? கேள்வி பதில்

இங்கிலாந்தில் ஷாட்கன்னால் க்ளே, அதாவது எந்திரம் வீசும் தட்டு இலக்கு, சுடுகிறவர்களும் பறவை வேட்டைக்குப் போகிறவர்களும் கேட்டு அனுப்பியவை இவை. ஊரிலிருந்தும் ஒன்று வந்திருக்கிறது. ஒரே மாதிரி இருந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி (ரெடிங்கிலிருந்து): அண்ணா, ஷாட்கன் சர்ட்டிபிகேட் கைக்கு வந்துவிட்டது. வார இறுதியில் க்ளே, குளிர்காலத்தில் எப்போதாவது ஃபெசன்ட் பறவை வேட்டை. ஒரே துப்பாக்கி போதுமா? குழல் அகலம் 12 போரா, அதைவிடச் சிறிய 20 போரா?

பதில்: ஒன்றே போதும், தம்பி. 12 போர், குழல் மேலும் கீழுமாக இருக்கும் ஓவர்-அண்டர், 30 அங்குலக் குழல், சோக் (குழல் வாயைக் குறுக்கும் பாகம்) கழற்றி மாட்டக்கூடியது. பெரெட்டா 686, பிரவுனிங் 525, மிரோகு, இந்த மூன்றில் எதைப் பழையதாக வாங்கினாலும் பயமில்லை. உதிரி பாகம் கிடைக்கும், திரும்ப விற்றாலும் விலை போகும். புதுசுக்கு ஒதுக்கிய பணத்தில் பழையதை வாங்கிவிட்டு, மிச்சத்தைத் தோட்டாவுக்கும் பயிற்சியாளருக்கும் கொடுங்கள்.

20 போர் கையில் எடுத்தால் இதமாக இருக்கும். கடையில் அந்த இதத்துக்கு மயங்கித்தான் நிறைய பேர் வாங்குகிறார்கள். எடை குறைந்த துப்பாக்கியில் கனமான தோட்டாவைப் போட்டால் உதை தோளில்தான் இறங்கும். க்ளேக்கென்று செய்தவை ஏழரையிலிருந்து எட்டரை பவுண்ட் வரை இருக்கும். வேட்டைக்கானவை ஆறரை, ஏழு. உங்கள் இரண்டு வேலைக்கும் ஏழரையை ஒட்டிய எடை ஒத்துவரும்.

கேள்வி: சோக் என்றால் குழல் வாயைக் குறுக்குவது என்று தெரியும். கால், அரை, முழு என்கிறார்களே, அந்தக் கணக்கு என்ன?

பதில்: 12 போர் குழலின் உள்விட்டம் ஏறக்குறைய 18.5 மில்லிமீட்டர். ஒரு பவுண்ட் ஈயத்தை 12 சம உருண்டைகளாக்கினால் ஒவ்வொன்றும் அந்தக் குழலுக்குப் பொருந்தும், பெயர் அப்படி வந்தது. குழலின் வாயில் அங்குலத்தில் ஆயிரத்தில் 10 பங்கு குறுகினால் கால் சோக், 20 என்றால் அரை, 40 என்றால் முழு. முழு சோக்கே ஒரு மில்லிமீட்டர்தான், பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த ஒரு மில்லிமீட்டர் என்ன செய்கிறது என்பதை அளக்க ஒரு வழக்கம் உண்டு. 40 கெஜத்தில் சுட்டு, 30 அங்குல வட்டத்துக்குள் எத்தனை ரவை (தோட்டாவிலிருந்து சிதறும் சின்னக் குண்டு) விழுந்தது என்று எண்ணுவார்கள். சோக்கே இல்லாத சிலிண்டரில் நூற்றுக்கு 40, கால் சோக்கில் 55, அரையில் 60, முக்காலில் 65, முழுசில் 70. இவை பொதுக் கணக்கு. உங்கள் துப்பாக்கியும் உங்கள் தோட்டாவும் சேர்ந்து வேறு எண்ணைக் காட்டலாம்.

இப்போது கழித்தல் கணக்கு போடுங்கள். 28 கிராம் தோட்டாவில், பிரிட்டிஷ் ஏழரை நம்பர் ரவை கிட்டத்தட்ட 400 இருக்கும். கால் சோக்குக்கும் அரை சோக்குக்கும் உள்ள வித்தியாசம் நூற்றுக்கு ஐந்து, அதாவது 20 ரவை. அந்த இருபதுக்காகத்தான் ஆட்கள் ஸ்டாண்டுக்கு ஸ்டாண்ட் (நின்று சுடும் இடம்) சோக் சாவியும் கையுமாக நிற்கிறார்கள்.

கேள்வி: அப்படியானால் ஸ்போர்ட்டிங் க்ளேயில் (ஒவ்வொரு ஸ்டாண்டிலும் க்ளே வேறு வேறு விதமாக வரும் போட்டி) சோக்கை மாற்றவே கூடாதா?

பதில்: கீழ்க்குழலில் கால், மேல்குழலில் அரை. முறுக்கிப் பூட்டிவிட்டு மறந்துவிடுங்கள். 15 கெஜத்தில் தரையில் உருண்டோடும் ராபிட் என்ற க்ளே மாதிரி கிட்டத்து இலக்கு மட்டும்தான் என்றால் சிலிண்டர் போட்டுக்கொள்ளலாம். மற்றபடி தவறுகிற க்ளேயில் பெரும்பாலானவை, குழல் இருக்க வேண்டிய இடத்தில் இல்லாததால் தவறுகின்றன. பின்னால் சுட்டிருப்பீர்கள். பின்னால் சுட்டவனுக்கு எந்தச் சோக்கும் உதவாது.

ஒன்று மட்டும் செய்யுங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னால், துப்பாக்கி காலியா என்று பார்த்துவிட்டு, சோக் இறுக்கமாக இருக்கிறதா என்று சாவியால் ஒரு தடவை தொட்டுப் பாருங்கள். தளர்ந்த சோக்கோடு சுட்டால் குழல் வாயே கெட்டுப்போகும்.

கேள்வி (லெஸ்டரிலிருந்து, ஒரு சகோதரி): வலது கைப் பழக்கம். ஆனால் வலமிருந்து இடமாகப் போகும் க்ளே ஒன்றுகூட உடைவதில்லை. கணவர் சோக்கை மாற்று என்கிறார்.

பதில்: கணவரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். முதலில் கண்ணைப் பார்ப்போம். இரண்டு கண்ணையும் திறந்து, தூரத்துக் கம்பம் ஒன்றைக் கையை நீட்டிச் சுட்டுவிரலால் காட்டுங்கள். அப்படியே இடக்கண்ணை மூடுங்கள். விரல் கம்பத்தின் மேலேயே நின்றால் வலக்கண் ஆள்கிறது. விரல் பக்கவாட்டில் நகர்ந்துவிட்டால் ஆள்வது இடக்கண். வலத்தோளில் துப்பாக்கி வைத்திருக்கிறீர்கள், குழலை நேர்ப்படுத்துவதோ இடக்கண் என்றால் எந்த இலக்கும் ஒரு பக்கமாகவே தவறிக்கொண்டிருக்கும்.

புதிதாகத் தொடங்கியவர் என்றால் இடத்தோளுக்கு மாறிவிடுங்கள். கொஞ்ச நாள் கை கோணலாகத்தான் இருக்கும், அப்புறம் சரியாகும். பல வருடப் பழக்கம் என்றால் கண்ணாடியின் இடப்பக்கத்தில், குழல் நுனி தெரியும் இடத்தில் மட்டும் சின்னதாக ஒரு டேப் ஒட்டுங்கள். ஒரு கண்ணை முழுதாக மூடினால் தூரம் பிடிபடாது.

கண் சரி என்றால் அடுத்தது கட்டை, தோளில் வைக்கும் மரப்பகுதி. காலித் துப்பாக்கியை, குழல் பாதுகாப்பான பக்கம் பார்க்க, கண்ணை மூடிக்கொண்டு தோளில் ஏற்றிக் கன்னத்தை வையுங்கள். கண்ணைத் திறந்ததும் குழலின் மேல்பட்டை கொஞ்சம் தெரிந்து, நுனியிலுள்ள மணி அதன் நடுவில் நிற்க வேண்டும். பட்டையே தெரியாமல் பின்பக்க இரும்புதான் தெரிகிறது என்றால் கட்டை தாழ்வு, கீழே சுடுவீர்கள். மணி ஒரு பக்கமாக ஒதுங்கினால் கட்டையின் பக்கச் சாய்வு உங்களுக்கு ஒத்துவரவில்லை. கடையில் விற்பவை பெரும்பாலும் சராசரி உயர ஆண்களை நினைத்துச் செய்தவை. நம் பெண்கள் பலருக்குக் கட்டையின் நீளமே கூடுதலாக இருக்கும். நல்ல கன்ஸ்மித் (துப்பாக்கி செப்பனிடுபவர்) அரை மணி நேரம் பார்த்தால் போதும். சோக் வாங்கும் காசை அவரிடம் கொடுங்கள்.

கேள்வி (யார்க்‌ஷரிலிருந்து): ஐயா, பழைய ஆங்கிலேய இரட்டைக் குழல் ஒன்று மலிவாக வருகிறது, பக்கம் பக்கமாகக் குழல் உள்ளது. அக்டோபரில் ஃபெசன்ட்டுக்கு எடுத்துப்போகலாமா? ஸ்டீல் தோட்டா போடலாமா?

பதில்: அழகுக்கு மயங்குவதற்கு முன்னால் குழலின் அடிப்பகுதியில் உள்ள முத்திரைகளைப் படியுங்கள். நைட்ரோ புரூஃப், அதாவது புகையில்லா மருந்துத் தோட்டாவுக்குச் சோதித்த முத்திரை, இருக்கிறதா? தோட்டா உட்காரும் அறையின் நீளம் என்ன? பழையவை பலவற்றில் அறை இரண்டரை அங்குலம், 65 மில்லிமீட்டர். 70 மில்லிமீட்டர் தோட்டாவும் அதற்குள் சுலபமாக இறங்கிவிடும், அதுதான் ஆபத்து. சுட்டபின் தோட்டாவின் முனை மடிப்பு விரிய அங்கே இடம் இருக்காது, அழுத்தம் எகிறும். குழல் சுவரின் தடிமனையும் கன்ஸ்மித் அளந்து சொன்ன பிறகே பணம் கொடுங்கள்.

ஈயத்தைவிட ஸ்டீல் லேசு, அடர்த்தி 7.8, ஈயத்துக்கு 11.3. அதனால் ரவையில் இரண்டு நம்பர் பெரிதாக எடுக்க வேண்டும், ஈயத்தில் 6 என்றால் ஸ்டீலில் 4 (நம்பர் குறைந்தால் ரவை பெரிது). ஸ்டீல் ரவை நசுங்காது, பரவாமல் கூட்டமாகவே போகும். கால் சோக்கே அரை சோக் வேலையைச் செய்துவிடும். ஹை பெர்ஃபார்மன்ஸ் ஸ்டீல் என்று பெட்டியில் இருந்தால், ஃப்ளர்-டி-லிஸ் பூ முத்திரை உள்ள துப்பாக்கியில் மட்டும்தான். நீங்கள் சொல்லும் கிழத் துப்பாக்கிக்கு பிஸ்மத் என்ற உலோக ரவைத் தோட்டாதான் நிம்மதி. விலை உறைக்கும், ஆனாலும் அதுதான். வாத்து வந்தால் ஈயத்தை நினைக்கவே வேண்டாம், இங்கிலாந்தில் 1999-லேயே தடை.

ஃபெசன்ட்டுக்கு அக்டோபர் 1 முதல் பிப்ரவரி 1 வரை. உயரமாக வரும் பறவையைப் பார்த்து முழு சோக் தேடாதீர்கள், உங்கள் எல்லைக்கு அப்பால் போவதை விட்டுவிடுங்கள். காயப்பட்டுப் போய் விழுகிற பறவை யாருக்கும் பெருமை இல்லை.

கேள்வி: செமி ஆட்டோ (அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கி) உதைக்காது என்கிறார்களே?

பதில்: சுடும்போது வரும் வாயுவால் இயங்குபவை குறைவாக உதைக்கும், உண்மை. ஆனால் மடக்கித் திறந்த ஓவர்-அண்டர் காலி என்று பத்தடி தூரத்தில் நிற்பவனுக்கும் தெரியும். செமி ஆட்டோவில் அது தெரியாது. வேட்டைக் குழுக்கள் பலவற்றில் முகம் சுளிப்பார்கள். சாதாரண சர்ட்டிபிகேட்டில் மொத்தம் மூன்று தோட்டாவுக்கு மேல் கொள்ளக் கூடாது என்பதும் நினைவிருக்கட்டும்.

கேள்வி (சென்னையிலிருந்து): சார், இங்கே காடை, கௌதாரி சுட ஆசை. இல்லாவிட்டால் டிராப் (முன்னால் விலகிப் பறக்கும் க்ளேயைச் சுடும் போட்டி) பழகலாமா?

பதில்: முதல் ஆசையை விட்டுவிடுங்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் மாட்டினால் சிறைதான். டிராப் என்றால் தாராளமாக. புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸில் சுட்டது டிராப்தான். அதற்கு முந்தைய ஆண்டு ஹாங்சோ ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய டிராப் அணியிலும் இருந்தார்.

சோக் பற்றி நான் மேலே சொன்ன அலட்சியம் அங்கே செல்லாது. க்ளே உங்களைவிட்டு விலகி விலகி ஓடும். நீங்கள் தொடும்போது 35 மீட்டர் தாண்டியிருக்கலாம். தோட்டாவும் 24 கிராம்தான். முதல் குழலில் முக்கால், இரண்டாவதில் முழு என்பது வழக்கம். க்ளே ஏறுமுகமாகப் போவதால் கட்டையும் உயரமாக, கொஞ்சம் மேலே சுடும்படி இருக்கும். க்ளே குறுக்கே பறக்கும் ஸ்கீட் போட்டி நேர் எதிர். இலக்கு இருபது மீட்டருக்குள், சோக் திறந்தே இருக்கும். அதனால் டிராப் துப்பாக்கியை வாங்கி ஸ்கீட் பழகாதீர்கள்.

கேள்வி: வீட்டில் அவளுக்கு 20 போர், எனக்கு 12. தோட்டாக்களை ஒரே பையில் போட்டுக்கொள்கிறோம். பரவாயில்லையா?

பதில்: கூடவே கூடாது. 20 போர் தோட்டா 12 போர் அறைக்குள் வழுக்கிப் போய், குழலில் கொஞ்ச தூரத்தில் சிக்கி நிற்கும். பின்பக்கம் பார்த்தால் அறை காலியாகத் தெரியும். சுடவில்லையே என்று அதன் பின்னால் ஒரு 12 போரைப் போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும், முன்கை அங்கேதான் இருக்கும். 20 போர் உறைகளை மஞ்சளில் செய்வது இதற்காகத்தான். பை தனி, பெட்டி தனி. சுற்று முடிந்து வீட்டுக்கு வந்ததும் கோட்டுப் பாக்கெட்டைக் கவிழ்த்து உதறி, கிடைப்பதை அதனதன் பெட்டியில் போடுங்கள்.