நீச்சல் தெரியாதவள் பாய்மரப் படகில் ஏறலாமா?

வாசகி கேள்வி:

"அக்கா, எனக்கு வயது 29. ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவில் வேலை. வேலூரில் ஒன்றாகப் படித்த ஆறு பேர், நான்கு பெண்களும் இரண்டு பையன்களும், வரும் ஜனவரியில் மும்பையில் சந்திக்கிறோம். கல்யாணமாகி அங்கேயே இருக்கும் தோழி, கேட்வே ஆஃப் இந்தியாவிலிருந்து எங்களுக்கு மட்டும் ஒரு பாய்மரப் படகை இரண்டு மணி நேரத்துக்குப் பேசி வைத்திருக்கிறாள். நகரத்தை ஒட்டியே போய், கடலில் சூரியன் மறைவதைப் பார்த்துவிட்டுத் திரும்பலாமாம். பசங்க பீர் வாங்கி வருகிறார்களாம். எல்லோரும் ஒரே குஷி. எனக்கு நீச்சல் தெரியாது. பஸ்ஸில் போனாலே வாந்தி. ஜாதகத்தில் எனக்கு ஜலகண்டம் என்று அம்மா சின்ன வயதிலிருந்து சொல்லி வளர்த்திருக்கிறார். இதில் எதையும் தோழிகளிடம் சொல்லவில்லை, வெட்கமாக இருக்கிறது. அன்றைக்குக் காலையில் காய்ச்சல் என்று சொல்லி ரூமிலேயே படுத்துவிடலாமா? ஆனால் ஆசையும் விடவில்லை. பின்குறிப்பு: படகில் நால்வரும் பட்டுப்புடவையில் போட்டோ எடுப்பதாகத் திட்டம். சரிப்படுமா?"

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, வாலாஜாபேட்டை

பதில்:

அன்புத் தங்கைக்கு,

காய்ச்சல் வேண்டாம். போய் வாருங்கள். ஆனால் ஏறுவதற்கு முன் ஒன்றை வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும்: "எனக்கு நீச்சல் தெரியாது, பயமாகவும் இருக்கிறது." இந்த வாரமே தோழிகளிடம் சொல்லுங்கள். அன்றைக்குப் படகை ஓட்டுபவரிடம் சொல்லுங்கள். இதைச் சொல்லவே முடியாது என்றால்தான் போகாதீர்கள் என்பேன்.

ஏன் இவ்வளவு கண்டிப்பாகச் சொல்கிறேன் என்றால், நான் சொல்லாமல் இருந்து பார்த்தவள். 2010 வாக்கில் உறவினர்களோடு ஓர் உப்பங்கழியில் படகில் போனேன். படகுக்காரர் கையில் கொடுத்த லைஃப் ஜாக்கெட்டில் கிளிப் உடைந்திருந்தது. வேறு கேட்டால் பயந்தாங்கொள்ளி என்று நினைப்பார்களோ என்று துப்பட்டாவை இடுப்பில் சுற்றி இறுக்கிக் கட்டிக்கொண்டு சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த முக்கால் மணி நேரமும் நான் பார்த்தது உடைந்துபோன அந்த ஆரஞ்சு கிளிப்பை மட்டும்தான். கரையேறியதும் நாரைக் கூட்டத்தைப் பற்றி எல்லோரும் பேசினார்கள், எனக்கு ஒரு நாரைகூட ஞாபகமில்லை. அடுத்த வருடம், 2011 டிசம்பர் 25 அன்று, பழவேற்காடு ஏரியில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்துபோனார்கள். செய்தியைப் படித்தபோது என் கை தானாக இடுப்புக்குப் போனது. எவ்வளவு பெரிய விஷயத்தை வெட்கத்துக்காக விட்டுக்கொடுத்திருக்கிறேன் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

நீச்சல் தெரியாததில் வெட்கப்பட என்ன இருக்கிறது? நானும் பாலாற்றங்கரைக்காரிதான். நமக்கு ஆறு என்றால் மணல். ஊற்று தோண்டி, தெளியும்வரை காத்திருந்து சொம்பில் மொண்டு குடித்த ஆறு. 2021 நவம்பரில் அது கரை முட்ட ஓடியபோது, ஊர் ஊராகப் பாலத்தில் நின்று வேடிக்கை பார்த்தோம். நம் பக்கம் நீச்சல் என்றால் விவசாயக் கிணறுதான். முதுகில் சுரைப்புருடையோ காலி டின்னோ கட்டி, மாமன் மேலிருந்து தள்ளிவிடுவார், பையன் தண்ணீர் குடித்துத் தானாகக் கற்றுக்கொள்வான். அதே வீட்டுப் பெண்பிள்ளை பாவாடையை இழுத்துப் பிடித்துக்கொண்டு மேட்டில் நின்று பார்த்திருப்பாள். உங்கள் நான்கு பேரிலும் கிணற்றில் இறங்க விடப்பட்டவள் ஒருத்தியாவது இருப்பாளா என்பது சந்தேகம்தான். நீங்கள் வாயைத் திறந்தால் இன்னொருத்தியும் திறப்பாள், பாருங்கள்.

சரி, பாய்மரப் படகு எப்படிப் போகிறது என்று தெரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும். இரைச்சலோடு கிளம்பும் மோட்டார் படகு மாதிரி இல்லை. துறையை விட்டு வெளியே வரும்வரை மோட்டார் ஓடும். பிறகு பாயை ஏற்றி, மோட்டாரை நிறுத்துவார்கள். திடீரென்று ஒரு நிசப்தம். கயிறு பாய்மரத்தில் தட்டும் சத்தமும், படகின் வயிற்றில் தண்ணீர் உரசும் சத்தமும் மட்டும்தான் இருக்கும். அடுத்த நிமிடம் பாய் காற்றை வாங்கும், படகு ஒரு பக்கமாகச் சாயும். முதல் தடவை போகிறவர்கள் கத்துவது இங்கேதான், மும்பையில் ஏறியபோது நானும் கத்தினேன். அப்படிச் சாய்ந்துதான் அது ஓடும். கேட்வே பக்கம் வாடகைக்கு விடும் இந்த வகைப் படகுகளில் பெரும்பாலும் அடியில் இரும்போ ஈயமோ கனமாகத் தொங்கும். காற்று சாய்க்கச் சாய்க்க அந்தப் பாரம் நிமிர்த்தப் பார்க்கும். தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையை நினைத்துக்கொள்ளுங்கள். சாய்வு அதிகமானால் ஓட்டுபவர் கயிற்றைத் தளர்த்திப் பாயிலிருந்து காற்றை வெளியே விடுவார், படகு உடனே நிமிரும்.

காற்று வரும் திசைக்கு நேராக எந்தப் பாய்மரமும் போக முடியாது. இந்தப் பக்கம் கொஞ்சம் கோணலாக, பிறகு திரும்பி அந்தப் பக்கம் கொஞ்சம் கோணலாக, ஏலகிரி மலைப்பாதை ஏறுவது மாதிரிதான் முன்னேறும். ஒவ்வொரு வளைவிலும் பாயின் அடியில் இருக்கும் நீளக் கட்டை படகின் குறுக்கே சட்டென்று வீசும். தலையைத் தாழ்த்தச் சொன்னால் அந்த நொடியே தாழ்த்த வேண்டும், "என்ன, என்ன" என்று நிமிர்ந்து பார்க்கக் கூடாது. செல்ஃபிக்காக எழுந்து நிற்பவர்கள் இந்தக் கட்டையில்தான் அடிவாங்குகிறார்கள். நான் மும்பையில் ஏறும்போது ஓட்டுபவரிடம் முதலிலேயே என் நிலைமையைச் சொல்லிவிட்டேன். அவர் கட்டை எட்டாத இடமாகப் பார்த்துத் தனக்கு எதிரிலேயே என்னை உட்கார வைத்தார். ஒவ்வொரு தடவை திருப்பும் முன்பும் என் முகத்தைப் பார்த்துக் கையால் "கீழே" என்று காட்டுவார். அரை மணி நேரத்தில், "இந்தக் கயிற்றைப் பிடிங்க" என்று ஒரு கயிற்றை என் கையில் கொடுத்துவிட்டார். உப்பேறிச் சொரசொரவென்று இருந்த அந்தக் கயிற்றின் வழியாகக் காற்று இழுப்பதை உணர்ந்தேன் பாருங்கள், அதுதான் எனக்கு இன்றைக்கும் நினைவில் இருக்கிறது.

இப்போது உங்கள் தோழி செய்ய வேண்டியது. படகுக்காரரிடம் வாடகையை மட்டும் பேசியிருந்தால் போதாது. படகில் எத்தனை பேர் ஏற உரிமம், அதில் ஓட்டுபவரும் உதவியாளரும் சேர்த்தியா, ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட் உண்டா, வேலை செய்யும் மோட்டாரும் கரையோடு பேசும் ரேடியோவும் இருக்கிறதா, காற்று மோசமாகி ரத்தானால் முன்பணம் திரும்புமா என்று கேட்கச் சொல்லுங்கள். பதில் சொல்லச் சலித்துக்கொள்ளும் படகு நமக்கு வேண்டாம், வேறு பார்க்கலாம். மாதம் நல்ல மாதம்தான். தென்மேற்குப் பருவமழைக்காலமான ஜூன் முதல் செப்டம்பர்வரை அங்கே இந்தப் படகுகள் ஓடாது. ஜனவரியில் கடல் பொதுவாகச் சாது. மதியத்துக்கு மேல் கடற்காற்று எழும், பாய்மரத்துக்கு அதுதான் வேண்டும்.

லைஃப் ஜாக்கெட் விஷயத்தில் உங்களைவிடத் தகுதியானவர் அந்தக் குழுவில் இல்லை. தினமும் தையலையும் பக்கிளையும் பார்த்து, சரியில்லாததை ஒதுக்கித் தள்ளுகிற கண் உங்களுடையது. அதே கண்ணால் ஆறு ஜாக்கெட்டையும் பாருங்கள். வார் அறுந்திருக்கிறதா, கிளிப் 'டக்' என்று பூட்டுகிறதா, உள்ளே இருக்கும் நுரை நைந்து சப்பையாகிவிட்டதா என்று பாருங்கள். போட்டுக்கொண்டு எல்லா வாரையும் இழுத்துக் கட்டிய பிறகு, தோழியைத் தோள்பட்டையில் பிடித்து மேலே தூக்கச் சொல்லுங்கள். ஜாக்கெட் காதுவரை ஏறினால் அது தளர்வு, வேறு வாங்குங்கள். வெயிலில் போர்வை போர்த்திய மாதிரி கசகசவென்றுதான் இருக்கும். போட்டோவுக்காகக் கூடக் கழற்றாதீர்கள். முடிந்தால் போவதற்கு முன் ஒரு நாள், பயிற்சியாளர் இருக்கும் நீச்சல் குளத்தில், ஜாக்கெட் போட்டுக்கொண்டு மல்லாந்து மிதந்து பாருங்கள். அது உங்களைத் தாங்கும் என்று உடம்புக்கே தெரிந்துவிட்டால் மனசு தானாக அடங்கும்.

யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒன்று: பாய்மரப் படகு கரையில் வந்து நிற்காமல் தள்ளி நங்கூரமிட்டு நிற்கலாம். அப்படியானால் பாசி பிடித்த படிக்கட்டிலிருந்து ஒரு சின்னப் படகில் ஏறி, அங்கே போய் மாற வேண்டும். மொத்தப் பயணத்திலும் கால் இடறக்கூடிய இடம் அதுதான். இரண்டு கையும் காலியாக இருக்கட்டும், பையை முன்னால் கொடுத்துவிடுங்கள். ஓட்டுபவர் "இப்போ" என்று சொல்லும்போது மட்டும் கால் எடுத்து வையுங்கள். ரப்பர் அடி வைத்த கேன்வாஸ் ஷூ போடுங்கள். தோலை உப்புத் தண்ணீர் என்ன செய்யும் என்று ராணிப்பேட்டைக்காரிக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

வாந்திக்கு வழி உண்டு. வெறும் வயிற்றோடு போகாதீர்கள், பிரியாணி சாப்பிட்டுவிட்டும் போகாதீர்கள். இரண்டு இட்லி, ஒரு துண்டு இஞ்சி மரப்பா போதும். தலைசுற்றல் மாத்திரையை டாக்டரிடம் கேட்டு, அவர் சொல்லும் நேரத்தில், ஏறுவதற்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள். குமட்டல் வந்த பிறகு போட்டால் பெரிதாகப் பலனில்லை. சில மாத்திரை தூக்கம் வரவழைக்கும், ஊரிலேயே ஒரு நாள் சோதித்துவிடுங்கள். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகள் எதற்கு இருக்கின்றன? படகில் போனைப் பார்க்காமல், தூரத்தில் வானமும் கடலும் தொடும் கோட்டைப் பாருங்கள். அப்படியும் வந்துவிட்டால் காற்று போகும் பக்கமாகத் திரும்பி எடுங்கள். கடலோடிகளுக்கே வருவதுதான், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

பீர் வேண்டாம். சாயும் படகில் நிதானம் தவறிய ஒருவர் போதும், மற்ற ஐந்து பேரும் அவரைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். கரையேறி வந்து அவரவர் இஷ்டம். பசங்களிடம் இதைச் சொல்லத் தயக்கமாக இருந்தால் இன்னொரு காரணம் தருகிறேன்: சின்னப் பாய்மரப் படகில் பெரும்பாலும் கழிப்பறை கிடையாது. நீங்கள் நால்வரும் இதை நினைவில் வைத்துக்கொண்டு கரையிலேயே போய்விட்டு ஏறுங்கள்.

அம்மாவுக்கு வருகிறேன். 2024 டிசம்பர் 18 அன்று இதே கேட்வேயிலிருந்து எலிபெண்டா தீவுக்குப் போன பயணிகள் படகில் கடற்படையின் வேகப்படகு மோதி, பத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதை டிவியில் பார்த்த எந்தத் தாயும் பயப்படத்தான் செய்வார். அந்தப் பயத்தை மூடநம்பிக்கை என்று தள்ளாதீர்கள், மறைத்துவிட்டும் போகாதீர்கள். ஜாக்கெட் எப்படிப் போடுவேன், படகில் எத்தனை பேர், எத்தனை மணிக்குக் கரையேறுவேன் என்று உட்கார வைத்துச் சொல்லுங்கள். அவருக்கு ஒரு வேலை கொடுங்கள்: அன்றைக்கு வேலூர் கோட்டைக்குள் போய் உங்கள் பெயரில் ஓர் அர்ச்சனை. தண்ணீரில் குடியிருப்பவர் என்று பெயர் வாங்கியவர்தானே நம் ஜலகண்டேசுவரர். சாமியில்லாத கோயில் என்று ஊரே சொல்லிக்கொண்டிருந்த அந்தச் சன்னிதிக்கு 1981ல் அவர் திரும்பி வந்ததைப் பார்த்த தலைமுறை, உங்களைவிட நம்பிக்கையாகவே இருக்கும்.

சூரியன் விஷயத்தில் மட்டும் தோழி தப்பாகச் சொல்லியிருக்கிறாள். மும்பை மேற்குக் கரை ஊர்தான், ஆனால் கேட்வே நிற்பது ஊரின் கிழக்கு ஓரம், துறைமுகத்தைப் பார்த்து. நம் மெரினா மாதிரி அங்கே சூரியன் தண்ணீர்ப் பக்கம் உதிக்கும், மாலையில் ஊருக்குப் பின்னால் இறங்கும். ஏமாந்துபோகாதீர்கள். படகிலிருந்து பார்த்தால் 1903ல் திறந்த தாஜ் ஓட்டலின் கும்மட்டமும், 1924ல் திறந்த கேட்வேயின் வளைவும், மெல்ல மெல்லக் கறுத்து, பின்னால் வானம் மட்டும் செவ்வரளி நிறத்தில் எரியும். கடலில் விழும் சூரியனைவிட எனக்கு அதுதான் பிடித்தது. கடலிலேயே மறைவதைப் பார்க்க ஆசையென்றால் மறுநாள் மரைன் டிரைவில் போய் உட்காருங்கள், செலவில்லை.

புடவைக்கு வருவோம். படகில் கட்டாயம் வேண்டாம். முந்தானை கயிற்றில் மாட்டும், கொசுவம் காலில் தட்டும், தண்ணீரில் விழுந்தால் நனைந்த பட்டு காலைச் சுற்றிக்கொள்ளும். ஆனால் ஆசையை விட வேண்டாம். மூன்று மணிக்கே கேட்வேக்கு வந்துவிடுங்கள். ஊர்ப் பக்கம், வளைவுக்கு முன்னால் நால்வரும் நின்றால் மேற்கு வெயில் நேராக உங்கள் முகத்தில் விழும். ஜரிகை மின்னும், பின்னால் மஞ்சள் கல் ஜொலிக்கும். எடுத்து முடித்ததும் பக்கத்தில் இருக்கும் தோழி வீட்டிலோ ஓட்டலிலோ பேண்ட்டும் சட்டையும் மாற்றிக்கொண்டு, தலைமுடியைப் பின்னிப் போட்டுக்கொண்டு, நான்கரை மணிக்குப் படித்துறைக்கு வாருங்கள்.